காருக்கடியில் கிடந்தவர்

தென்காசி ஆஸ்பத்திரியில் என் அக்காவுக்கு அன்று மத்தியானம் ஆபரேஷன். அதற்குமுன் அவள் முகத்தைப் பார்த்துவிட வேண்டும் என்று கிளம்பினால், எங்கள் பழைய கார் சங்கரன்கோவிலில் கியர் விழாமல் நின்றுவிட்டது. மகன் ஒரு மெக்கானிக்கைக் கூட்டிவந்தான்.

ஒல்லியான மனிதர். மூக்குக்கண்ணாடியின் ஒடிந்த காலைத் தறி நூலால் கட்டியிருந்தார். செருப்பைக் கழற்றித் தலைக்கு வைத்துக்கொண்டுதான் காருக்கடியில் படுப்பார்.

“கியர் கம்பியில ஆட்டம் வராம பிடிக்கிற வளையம், புஷ், தேஞ்சுபோச்சு ஆச்சி. இந்த வண்டிக்குக் கடையில கிடைக்காது,” என்றவர், தறிப்பட்டறையில் கழித்த நைலான் துண்டொன்றை லேத்தில் கடைந்து வந்து மாட்டினார். எனக்கோ இருப்புக்கொள்ளவில்லை.

மகனை டார்ச் பிடிக்க வைத்துவிட்டு, என்னை ஸ்டீயரிங் முன்னால் உட்காரச் சொல்லி, மறுபடி அடியில் படுத்துக்கொண்டார்.

“கியரைப் போட்டுப் பாருங்க ஆச்சி. ஆடுதா?”

ஆடத்தான் செய்தது. “ஆடலய்யா. கிளம்பட்டுமா?” என்றேன்.

“கை சொல்லுதா, அவசரம் சொல்லுதா?”

மகன் சிரித்துவிட்டான். பொய் பேசாதவள் என்று ஊரில் பெயர் எடுத்தவள் நான். முகம் சுட்டது.

“கொஞ்சம் ஆடுது,” என்றேன்.

“அப்ப வேற கடைஞ்சிட்டு வாரேன்.”

அக்காவை உள்ளே தள்ளிக்கொண்டு போகிற நேரத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தோம். கையைத் தொட்டேன்; அவ்வளவுதான் முடிந்தது. அவள் பிழைத்துக்கொண்டாள்.

அடியில் கிடந்தவருக்குக் கம்பி ஆடுவது கண்ணுக்கு நேராகவே தெரிந்திருக்குமே. பிறகு ஏன் என்னிடம் கேட்டார்? இன்னும் எனக்கு விளங்கவில்லை.