பூசாமல் விட்ட வெள்ளை

எட்டாவதோடு எனக்குப் படிப்பு நின்றுவிட்டது. திருநகரில் ஒரு போர்டு எழுதும் கடையில் வேலை பார்க்கிறேன். அங்கே பளபளப்பு வேண்டுமென்றால் கடைசியாக வெள்ளைப் பெயிண்டை ஒரு இழுப்பு இழுப்போம். அம்மா இறந்த மூன்றாம் மாதம், அவள் தண்ணீர் குடிக்கும் எவர்சில்வர் சொம்பை வாட்டர் கலரில் வரைய உட்கார்ந்தபோதும் அதையேதான் செய்தேன். நான்கு தாள்கள் வீணாயின. வெள்ளை பூசிய இடமெல்லாம் சுண்ணாம்பு அப்பியது போலிருந்தது. இந்தச் சொம்பைக்கூட அவளுக்காக வரைய முடியவில்லையே என்று அழுதேன்.

"ஏத்தா, எம்புட்டு நேரந்தான் அதையே மொறச்சுப் பாப்ப? சொம்பு என்ன ஒங்கிட்ட வம்புக்கா வந்துச்சு?" என்றார் அப்பா.

"வெளிச்சம் வர மாட்டேங்குதுப்பா."

"அப்ப வெயில்ல தூக்கி வையி."

கேலியாகத்தான் சொன்னார். நான் நிஜமாகவே ஜன்னலில் வைத்தேன். சொம்பின் வயிற்றில் விழுந்த வெயிலுக்கு நிகராக என்னிடம் இருந்தது வெறும் தாள் மட்டும்தான். ஐந்தாவது தாளில் அந்த இடத்தில் தூரிகையே படவில்லை. சுற்றிலும் நீலமும் ஊதாவும் கரைத்துவிட்டேன். காய்ந்ததும், சொம்பில் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்த அம்மாவின் பெயரை அந்த வெள்ளைக்குள் மெல்லிய நீலப் புள்ளிகளாக வைத்தேன்.

அப்பா தாளைக் கையில் வாங்கிப் பார்த்தார். அம்மா போனதிலிருந்து அவர் அந்தப் பெயரைச் சொன்னதே இல்லை. இப்போது எழுத்துக் கூட்டி, வாய்விட்டு, இரண்டு தடவை படித்தார்.

"கண்ணு கூசுதுத்தா," என்றார்.

ஜெயித்துவிட்டேன் என்று கத்த வேண்டும் போலிருந்தது. கத்தினேன்.