பிறந்த வீட்டுக் கோடி

என் அண்ணன் மகனுக்கு என் மகள் முறைப்பெண். அவள் அவனுக்குத்தான் என்று சிறு வயதிலிருந்தே எல்லோரும் பேசிவந்தார்கள். அவனுக்கும் அவள்மேல் ஆசை.

நானும் சொந்த மாமன் மகனைக் கட்டியவள்தான். முதல் இரண்டு குழந்தைகள் தங்கவில்லை. சொந்தத்துக்குள் கட்டியது காரணமாக இருக்கலாம் என்றார் டாக்டர். அந்தப் பயத்தில் பெண் தர மறுத்தேன். கொல்லங்கோட்டில் இருக்கும் அண்ணன் அன்றோடு பேச்சை நிறுத்திவிட்டார்.

போன ஆடியில் என் கணவர் இறந்தார். தாலி கழற்றும்போது பிறந்த வீட்டுக் கோடிச் சேலையைத்தான் போர்த்த வேண்டும். எல்லோரும் காத்திருந்தோம்.

"பொண்ணில்லீன்னு சொன்ன ஊட்டுக்கு உங்கண்ணன் எப்பிடி வருவாரு?" என்றாள் நாத்தனார்.

கடைசியில் அண்ணன் மகன் மட்டும் சேலையோடு வந்தான்.

"அப்பா வர்லீங்க அத்தை. பொண்ணு குடுக்கலீன்னா நீங்க எனக்கு அத்தை இல்லீன்னு ஆயிருமாங்க?"

சேலையைப் போர்த்திவிட்டு, மூலையில் அழுதுகொண்டிருந்த என் மகளிடம் போனான்.

"அழுவாத தங்கச்சி" என்றான்.

மாமன் மகன் அத்தை மகளை அப்படிக் கூப்பிடும் வழக்கமே எங்களிடம் இல்லை. கூப்பிட்டுவிட்டால் பிறகு கட்டிக்கொள்ளும் பேச்சுக்கே இடமில்லை. அது தெரிந்துதான் சொன்னான்.

கணவருக்காக அழுதுகொண்டிருந்த நான், அதன் பிறகு அவனுக்காகவும் அழுதேன்.