நட்சத்திரம் தெரியும்வரை

வீத்தெக்கை எனக்குப் பிடிக்காது என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். ஃப்ளோரியான்ஸ்கா தெருமுனையில் பழைய கோட்டைவாசல் பக்கம் என் தள்ளுவண்டி நிற்கும். எள்ளும் கசகசாவும் தூவிய வளைய ரொட்டி விற்கிறேன். சனிக்கிழமை ஆனால் போதும், அந்த மனுஷன் இரண்டு குழந்தைகளையும் கையில் பிடித்துக்கொண்டு, பனி கொட்டினாலும் சரி, காற்று அறைந்தாலும் சரி, க்ராக்கோவ் நகரத்தை அளக்கக் கிளம்பிவிடுவான். பெரியவள் ஹேலாவுக்கு ஆறு வயது. சின்னவன் இக்னாஷுக்கு நாலு. அவர்களுடைய அம்மா இவோனா, ஆற்றுக்கு அந்தப்பக்கம், எனக்கு நேர் மேல்வீட்டில் குடியிருக்கிறாள். ஆகவே இவன் விவாகரத்து ஆன புருஷன் என்பது எனக்குத் தெரியும்.

ஒருநாள் இக்னாஷின் குல்லா காதுக்கு மேலே ஏறிக் கிடந்தது. குல்லா சரியில்லாத குழந்தையைக் கண்டால் எங்கள் ஊரில் முன்பின் தெரியாதவள்கூட நின்று திட்டிவிட்டுத்தான் போவாள். நான் சும்மா இருப்பேனா?

"குல்லாவ இழுத்து விடுய்யா! காது உறைஞ்சு விழுந்தா நீயா ஒட்ட வைப்ப?"

"இன்னைக்கு நீங்க நாலாவது ஆளுக்கா" என்றான் அவன், சிரிக்காமல். "டிராம்ல ரெண்டு பேரு, சர்ச் வாசல்ல ஒரு கன்னியாஸ்திரி."

"எல்லாரும் சொல்றாங்கன்னா தப்பு உன்மேலதான். வீட்ல உக்கார வெச்சு ஒரு கதை சொன்னா என்ன? பச்சப்புள்ளைங்கள இப்படியா தெருத்தெருவா இழுத்தடிப்ப?"

குழந்தைகள் புறாக்களைத் துரத்திக்கொண்டு தள்ளிப் போனதும் தாழ்ந்த குரலில் சொன்னான். "வீடு இல்லக்கா. நோவா ஹூதாவுல தொழிலாளர் விடுதி. ரூமுக்கு ஆறு கட்டில். பிள்ளைங்கள கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. இவோனாகிட்ட சொல்லிராதீங்க. சிநேகிதன் வீட்ல இருக்கேன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

எனக்கு வாய் நீளம், ஊருக்கே தெரியும். ஆனாலும் இதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அவனைக் கவனித்துப் பார்த்தேன். தார்னூவ் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவன். தரைக்கு ஓடு பதிப்பது தொழில். குனிந்து குனிந்து முட்டி இரண்டும் போய்விட்டது, நடக்கும்போது லேசாகச் சாய்வான். எந்த சர்ச்சில் எந்த பெஞ்சுக்கு அடியில் சூடு வரும், எந்த டிராமில் எந்த இருக்கை வெதுவெதுப்பாக இருக்கும், எந்தச் சாப்பாட்டுக் கடையில் ஒரு சூப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்கில் உட்கார்ந்தாலும் முகம் சுளிக்க மாட்டார்கள் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி. நகரத்தில் அவன் ஓடு பதித்த தரைகளும் நிறைய. மருந்துக்கடை, புத்தகக்கடை, ஒரு ஹோட்டலின் முன்கூடம். "இது அப்பா போட்ட தரை" என்று ஹேலா தம்பிக்குக் காட்டுவாள். இருவரும் கறுப்புக் கட்டத்தை மிதிக்காமல் தாண்டித் தாண்டிப் போவார்கள். மணிக்கு ஒருமுறை மரியா கோவில் கோபுரத்திலிருந்து எக்காளம் ஊதுகிறவன், ஊதி முடித்ததும் கீழே பார்த்துக் கையசைப்பான். அது தனக்கு மட்டும்தான் என்று இக்னாஷ் எல்லாரிடமும் அளந்துகொண்டிருப்பான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் வந்தது. அன்று பெண்கள் காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகர மாட்டார்கள். பிள்ளைகளை வெளியே அனுப்பிவிடுவார்கள், முதல் நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து வரச் சொல்லி. அது தெரியும்வரை யாரும் சாப்பாட்டு மேஜையில் உட்காரக் கூடாது. இந்த வருஷம் இவோனா வீத்தெக்கிடம், "நட்சத்திரம் தெரிஞ்சதும் கூட்டிட்டு வந்து விட்டுரு" என்று சொல்லியிருந்தாள். அதோடு அவன் நாள் முடிந்தது. விடுதியில் எல்லாரும் சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். இவன் ஒருத்தன்தான் பாக்கி. அப்பா அம்மா போய்ச் சேர்ந்து வெகுகாலம்.

நான் வண்டியைச் சீக்கிரமே பூட்டிவிட்டு அவர்களோடு நடந்தேன். மீந்த ரொட்டியைப் பிள்ளைகளிடம் கொடுத்தேன், நட்சத்திரம் பார்க்காமல் தின்னலாமா என்று ஹேலா யோசித்தாள். இக்னாஷ் யோசிக்கவே இல்லை. ஒரு வாரமாக ஊரை மூடியிருந்த புகைமூட்டம் அன்றைக்குத்தான் விலகி, வானம் துடைத்து வைத்த மாதிரி இருந்தது. நட்சத்திரம் எந்த நிமிஷமும் வரலாம்.

ஆனால் வீத்தெக் எங்களைச் சந்துசந்தாக அழைத்துப்போனான். இரண்டு பக்கமும் உயரமான வீடுகள், நடுவில் ஒரு முழம் வானம். ஒரு சர்ச்சுக்குள் நுழைந்து குடிலைப் பார்த்தோம். வெளியே வந்து அடுத்த சர்ச்சுக்குள் நுழைந்தோம். பிறகு சுரங்கப்பாதை. பிள்ளைகள் அண்ணாந்து அண்ணாந்து கழுத்து வலித்ததுதான் மிச்சம்.

"ஆத்தங்கரைக்குப் போனா வானம் விரிஞ்சு கிடக்கு" என்றேன். "நீ என்னடான்னா கூரைக்கு அடியிலயே சுத்தி வர்ற. வழி மறந்துபோச்சா?"

அவன் அடுத்த சந்துக்குள் திரும்பினான். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இந்த ஊரில் ஒரு மூலைகூட மறக்காதவன் இவன்.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "அடப்பாவி! சின்னவனுக்கு மூக்கு ஒழுகுது பாரு. நாளைக்கு இருமினா அவ அடுத்த சனிக்கிழமையே அனுப்பமாட்டா, தெரியும்ல?"

"தெரியும்க்கா. இன்னும் கொஞ்ச நேரம்" என்றான். கெஞ்சுகிற குரல். அதற்குமேல் திட்ட என்னால் முடியவில்லை.

ஆனால் வீட்டுக்குப் போக ஆற்றைத் தாண்டியே ஆகவேண்டும். பாலத்துக்குக் கூரை ஏது? வீத்தெக் இக்னாஷைத் தோளில் தூக்கிக்கொண்டு, தலை குனிந்தபடி வேகமாக நடந்தான். பையன் அப்பாவின் குல்லாவில் முகத்தைப் புதைத்துக்கொண்டு தூங்க ஆரம்பித்திருந்தான். பாதிப் பாலத்தில் ஹேலா நின்றாள். வானத்தைப் பார்த்தாள். நான் அவள் பார்த்த திசையில் பார்த்தேன். ஆற்றங்கரை அரண்மனைக்கு மேலே பளிச்சென்று இருந்தது.

அவள் வாயைத் திறந்தாள். முன்னால் போகும் அப்பாவைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டு ஓடிப்போய் அவன் கோட்டுப் பையில் கையை விட்டுக்கொண்டாள்.

"ஒண்ணுமே தெரியலப்பா" என்றாள். "இன்னும் கொஞ்சம் சுத்தலாமா?"

பாலத்துக்கு அந்தப்பக்கம் இறங்கியும் ஒரு பெரிய சுற்றுச் சுற்றினோம். என் கால் வீங்கிவிட்டது, அதைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

இவோனா கதவைத் திறந்ததும் வெடித்தாள். "எங்க போனீங்க? எனக்கு அடுப்படி ஜன்னல்லேர்ந்தே தெரிஞ்சுது! சூப்பு ஆறி, எல்லாரும் பசியோட உக்காந்திருக்கோம்."

"எங்களுக்குத் தெரியலம்மா" என்றாள் ஹேலா.

இவோனா பொல்லாதவள் இல்லை. அவனைப் பார்த்து, "நல்லபடியா இரு" என்றாள். ஆனால் உள்ளே அவளுடைய அம்மா அப்பாவெல்லாம் இருந்தார்கள். கதவு மூடிக்கொண்டது.

அவன் படியிறங்கினான். நான் என் வீட்டுக் கதவைத் திறந்துவைத்து நின்றேன்.

எங்கள் ஊரில் அன்று எல்லா வீட்டிலும் மேஜையில் ஒரு தட்டு கூடுதலாக வைப்பார்கள், வழிப்போக்கன் யாராவது வந்தால் கொடுக்க. என் புருஷன் செத்த பிறகு நானும் வருஷாவருஷம் வைக்கிறேன். யாரும் வந்ததில்லை. உண்மையைச் சொன்னால், வருவார்கள் என்று நினைத்து நான் வைத்ததும் இல்லை.

"உள்ள வா."

"வேணாம்க்கா. விடுதியில சூப்பு இருக்கு."

"சூப்பு இருக்காம் சூப்பு! அந்தத் தட்டக் காலியாவே கழுவிக் கழுவி எனக்கு வெறுத்துப்போச்சு. ஷூவக் கழட்டிட்டு வா."

வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கிறிஸ்துமஸ் சாப்பாட்டுக்கு முன்னால் பகிர்ந்துகொள்கிற, காகிதம்போல மெல்லிய வெள்ளை அப்பத்தை ஒடித்து ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்த்திக்கொண்டோம். மாடியில் சின்னக் கால்கள் ஓடும் சத்தம் கேட்டது. அவன் கரண்டியை வைத்துவிட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பீட்ரூட் சூப் ஆறிப்போனது.

கதவு தட்டப்பட்டது. ஹேலா, கையில் மூடிய தட்டு. "அம்மா உங்களுக்குக் கெண்டை மீன் குடுத்து விட்டாங்க பெரிம்மா" என்று ஆரம்பித்தவள் அப்பாவைப் பார்த்துவிட்டாள். தட்டை என் கையில் திணித்துவிட்டு நேராக அவன் மடியில் போய் ஏறினாள்.

"அப்பா, கோச்சுக்காத. நான் பாலத்துலயே பாத்துட்டேன்."

வீத்தெக் அவள் தலைமுடியை ஒதுக்கிவிட்டான்.

"நான் முதல் சர்ச்சுலேர்ந்து வெளிய வரும்போதே பாத்துட்டேன்டா கண்ணு" என்றான்.