கோட்டை மேட்டில் ஏறியவர்கள்

நம்பாதவர்கள் நம்பாமலே இருந்துகொள்ளட்டும். 1946-இல் சேலம் சகாயமேரிக்கு நடந்தது இது. இல்லாததைச் சொல்லும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. அந்த வேலையை அவள் புருஷன் அல்போன்ஸ் பார்த்துக்கொண்டார்.

சண்டை முடிந்ததும் பட்டாளத்து ஆம்புலன்ஸ் ஒன்றை ஏலத்தில் எடுத்தார் மனிதர். உள்ளே கட்டில், மண்ணெண்ணெய் அடுப்பு, கொசுவலை. 'நடமாடும் பங்களா' என்று பெயர் வேறு. பழைய கோட்டை, கோயில்களைப் பார்க்கப் புறப்பட்டார்கள். பார்த்தது கொஞ்சம், ஏசியதுதான் அதிகம். மொரப்பூரில் ரயில் நிற்பதே தண்டம் என்றார். வத்தல்மலைத் தேன் விற்க வந்தவனைக் கிட்டேயே விடவில்லை, நாற்றமாம். சகாயமேரிக்கு ஊர்கள் பிடித்திருந்தன. புருஷனைத்தான் சகிக்க முடியவில்லை.

அதியமான்கோட்டையில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. இடிந்த கோட்டை மேட்டில் வண்டியை நிறுத்தினார். ஆடு ஓட்டிப்போன முனியாயி என்ற பெண் தயங்கி நின்றாள்.

"இங்க வேணாங்க சாமி. இந்த மாதிரி வண்டியக் கண்டா அவங்க வுட மாட்டாங்க."

"எவங்க?"

அவள் ஆடுகளை வேகமாக விரட்டினாள்.

"காட்டு ஜனங்க," என்றார் அல்போன்ஸ், அவள் காதில் விழும்படி.

சகாயமேரி அடுப்பைப் பற்றவைத்தாள். பின்கதவில் சத்தம்.

டொக்… டொக்…

"எடம் இருக்குங்களா?" வறண்ட ஆண் குரல்.

"இது சத்திரமில்ல. போடா!"

"ஒடம்பு முடியலீங்க…"

"செத்தா வேற எங்கயாவது போய்ச் சாவு!" அல்போன்ஸ் சிரித்தார். இவரைக் கட்டிக்கொண்டோமே என்று கூசிப்போனாள் சகாயமேரி. எழுந்து கதவைத் திறந்தாள்.

யாரும் இல்லை.

ஆனால் படி கிறீச்சிட்டது. யாரோ ஏறியதுபோல் வண்டி சாய்ந்தது. மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும்…

காலிக் கட்டில் மெல்ல அமுங்கியது.

அல்போன்ஸ் குதித்து ஓடி முன்னால் ஏறினார். அவளும் ஏறினாள். சமதரையிலேயே வண்டி மேடேறுவதுபோல் திணறியது. முதுகுக்குப் பின்னால் முனகல்கள்… ஒருவருடையது அல்ல.

"எங்கடீ போறது?"

"ஆஸ்பத்திரிக்கு."

கல்யாணமான நாளாக முதல் தடவை அவர் எதிர்த்துப் பேசவில்லை.

தர்மபுரி ஆஸ்பத்திரி வாசல். இறங்கினார். பின்கதவைத் திறந்தார். யாருக்கும் வழிவிடாத மனிதர், தொப்பியைக் கழற்றிக்கொண்டு ஒதுங்கி நின்றார்.

வண்டி சற்றே உயர்ந்தது.

இன்னும் சற்று.

இன்னும்…

காவல்காரர் தர்மன் தண்ணீர் கொடுத்தார். எங்கிருந்து வருகிறார்கள் என்று கேட்டார். கோட்டை மேடு என்றதும் அவர் முகம் மாறியது.

"காலரா வந்த வருசம் அந்த மேட்டுல சனங்க உசுருக்குப் போராடிக்கிட்டுக் கெடந்தாங்கம்மா. மோட்டார்ல ஒரு பெரிய மனுசன் போனாராம். கால்ல வுழுந்தாங்க. ஏத்தல. 'ஆஸ்பத்திரி வண்டி வரும், இங்கியே இருங்க'ன்னு சொல்லிட்டுப் போயிட்டாராம்."

"வண்டி வந்துச்சா?"

தர்மன் வாசலில் நின்ற ஆம்புலன்ஸைப் பார்த்தார்.

"இன்னிக்குத்தாங்க வந்துருக்குது."