சிங்கப்பூர் தனியாகப் போன ஆடி மாதம்

சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்துவிட்டது என்ற செய்தி காஞ்சிபுரத்தில் எங்கள் தெருவுக்கு வந்தபோது, எனக்கு நிச்சயம் செய்திருந்த மாப்பிள்ளை கப்பலில் வந்துகொண்டிருந்தார்.

அவர் சிங்கப்பூரில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் வேலை பார்த்தவர். சொந்த ஊர் தாமல். பெண் பார்க்க வந்துவிட்டுத் திரும்பிப் போய், ஆவணிக் கடைசி முகூர்த்தத்துக்கு வந்துவிடுகிறேன் என்று எழுதிக் கப்பல் ஏறியிருந்தார். அவர் ஏறும்போது அது ஒரு பெரிய நாட்டின் துறைமுகம். நடுக்கடலில் இருக்கும்போதே அது தனி நாடாகிவிட்டது. அவருக்கே அது தெரியுமோ தெரியாதோ என்று நாங்கள் இங்கே தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம்.

இன்றைக்கு யார் வேண்டுமானாலும் சிரிக்கலாம். அந்த ஊர் என்ன ஆயிற்று என்று உலகத்துக்கே தெரியும். அன்றைக்கு எங்களுக்கு மட்டுமல்ல, அந்த ஊர்க்காரர்களுக்கே தெரியாது. செய்தித்தாளில் அவர்கள் தலைவர் அழுதார் என்று போட்டிருந்தது. அதை என் தாய்மாமன் உரக்கப் படித்தார். நாடு கிடைத்தவனே அழுகிறான் என்றால் பெண்ணைக் கொடுப்பவன் என்ன செய்வான் என்று என் அப்பா கேட்டார்.

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டில் இரண்டு தறி. நைனா அதிகம் பேசுகிறவர் இல்லை. பேச ஆரம்பித்தால் எதிராளி வாயை மூடும்வரை விடமாட்டார். தாய்மாமன் அதற்கு நேர்மாறு. நெசவாளர் சொசைட்டியில் குமாஸ்தா, மீதி நேரமெல்லாம் கட்சி. சில வருஷங்களுக்கு முன்னால்வரை தனி நாடு கேட்டுக் கோஷம் போட்டவர். பிறகு கட்சியே அதைக் கைவிட்டுவிட்டது. அந்த ஏக்கம் அவருக்கு உள்ளே கிடந்தது போலிருக்கிறது. சிங்கப்பூர் பிரிந்த செய்தி கேட்டதிலிருந்து தனக்கே விடுதலை கிடைத்த மாதிரி நடந்தார்.

"சின்ன ஊரு. கொழாத் தண்ணியே மலாயாப் பக்கத்துலேர்ந்துதான் வருது. நாளைக்கு அவன் கொழாய மூடிட்டான்னா இன்னா குடிப்பாங்க?" இது நைனா.

"மூடறதுக்கு அவன் இன்னா பைத்தியமா மாமா? எப்பேர்ப்பட்ட துறைமுகம் அது! உலகத்துக் கப்பலெல்லாம் அங்க நின்னுக்கினுதான் போவுது."

"கப்பல் நிக்கும். சரக்கு யாரு வாங்குவாங்க?"

அந்தக் கேள்விதான் எங்கள் வீட்டைப் பிடித்து ஆட்டியது. மாப்பிள்ளை வேலை பார்த்த கடை சிங்கப்பூரில் இருந்தாலும் வியாபாரம் பாதிக்கு மேல் மலாயாப் பக்கம். புடவை மூட்டையை எடுத்துக்கொண்டு ஜொகூர், கிள்ளான் என்று தோட்டங்களுக்குப் போய் விற்றுவிட்டு வருவதுதான் அவர் வேலை. இனிமேல் நடுவில் எல்லை. மூட்டையை அவிழ்த்துப் பார்ப்பார்கள், வரி போடுவார்கள், விடாமலும் இருப்பார்கள். இரண்டு பக்கமும் சேர்ந்து பொதுச் சந்தை வைப்பதாக ஒப்பந்தம் இருந்ததாம், அதுவும் போயிற்று என்று தாய்மாமனே படித்துச் சொன்னார்.

"பொதுச் சந்தைன்னா இன்னாடா?" என்று அம்மா மாவரைத்தபடி கேட்டாள்.

"இங்கேர்ந்து முசரவாக்கம் போனா நடுவுல எவனாவது உன் மூட்டைய அவுத்துப் பாக்கறானா? இல்ல இல்ல? அதாங்க்கா."

"அப்ப அது போச்சுன்னா நல்லதா?"

தாய்மாமன் தண்ணீர் கேட்டார்.

சாயங்காலம் ஆனால் சரிகைக் கடை பாய் வந்து சேர்ந்துகொள்வார். வாலிபத்தில் பினாங்கில் இருந்தவர் என்பதால் அவர் வார்த்தைக்கு மதிப்பு அதிகம். அதுதான் பெரிய வினையாகப் போயிற்று. பாய் ஒரு நாள் விட்டு ஒரு நாள் கட்சி மாறினார். "மலாயாக்காரன் தன் துறைமுகத்துலயே சரக்க எறக்கிக்கினா சிங்கப்பூரு ஈ ஓட்டும்பா" என்று ஒரு நாள் சொல்வார். நைனா முகம் கறுத்துப் போகும். மறுநாள், "வியாபாரந் தெரிஞ்சவனுக்கு எல்லையாவது ஒண்ணாவது, எங்க போட்டாலும் மொளைப்பான்" என்பார். எனக்குச் சாப்பாடு இறங்கும். அவர் வாயைப் பார்த்தே நான் அந்த வாரம் பிழைத்தேன்.

எனக்குப் போக வேண்டும் என்று ஆசை. அதை இப்போது வெட்கமில்லாமல் சொல்லலாம். பெண் பார்க்க வந்தபோது அவர் தறியைக் கண்டதும் ஊடை இழை ஓட்டும் நாடாவைத் தான் ஒரு தடவை எறிந்து பார்க்கலாமா என்று கேட்டார். எறிந்த எறியில் இழைகள் அறுந்தன. புடவைக் கடையில் நாள் முழுக்கப் பட்டை விரித்துக் காட்டுகிறவருக்கு நாடா பிடிக்கத் தெரியவில்லை என்று வீடே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார். ரோஷப்படாமல் சிரிக்கிற ஆண்பிள்ளையை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

ஆனால் சிங்கப்பூர் பிழைக்குமா என்ற பேச்சில் என்னை யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. முகூர்த்தப் புடவையை மணப்பெண் தொடக் கூடாது என்பது எங்கள் வீட்டு வழக்கம். அதனால் தறிப்பக்கம் எனக்கு வேலையும் இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். நிச்சயத்தை முறித்துவிடலாமா என்று நைனா அம்மாவிடம் கேட்டது காதில் விழுந்தது.

ஒரு நாள் தாய்மாமன் பெரிய அஸ்திரம் ஒன்றோடு வந்தார்.

"நம்ம ஊர்ல இன்னா மாமா வெளையுது? பட்டு பெங்களூர்லேர்ந்து வருது. சரிகை சூரத்துலேர்ந்து வருது. நம்மளாண்ட இருக்கறது கை மட்டுந்தான். நாம பொழைக்கல? அந்த மாதிரி அவங்களும் பொழைப்பாங்க."

தெருவில் கேட்டவர்கள் எல்லாம் தலையாட்டினார்கள். எனக்கு அவர் காலில் விழலாம் போலிருந்தது. நைனா அவசரப்படாமல் வெற்றிலையை மென்று முடித்தார்.

"சரி. பெங்களூருக்கும் நமக்கும் நடுவுல எல்லை போட்டு, பட்டு மூட்டைக்கு வரி கட்டுன்னா? நீ கேட்டியே தனி நாடு, அது கெடச்சிருந்தா கட்டியிருப்ப இல்ல?"

"எங்க நாட்டுக்குள்ளதான் மாமா பெங்களூரும் இருந்துது!"

"சூரத்து?"

பாய் விழுந்து விழுந்து சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள், என்னைத் தவிர. சூரத் என்ற ஊரை நான் அன்றைக்குச் சபித்த மாதிரி வாழ்க்கையில் வேறு எதையும் சபித்ததில்லை.

இத்தனைக்கும் நடுவில் முகூர்த்தப் புடவைக்குப் பாவு தயாராகிவிட்டது. சாயம் தோய்த்துக் காய்ந்த பட்டு இழைகளைக் கஞ்சி போட்டுத் தெருவில் நீட்டி, சிக்கெடுத்து, அறுந்ததை முடிந்து சுருட்டினால்தான் தறியில் ஏற்ற முடியும். அதை வெயில் ஏறுவதற்குள் முடிக்க வேண்டும். ஒரு வீட்டுப் பாவுக்குத் தெருவே கை கொடுக்கும். பாவு நீட்டியிருக்கிற நேரம் யாரும் கோலம்கூடப் போடமாட்டார்கள். கல்யாணம் நடக்குமா என்று தெரியாமலேதான் நைனா அந்தப் பாவை நீட்டினார். நீட்டாமல் இருந்தால் தெரு கேள்வி கேட்கும்.

பாவின் ஒரு முனையைக் கம்பத்தில் கட்டிவிடுவார்கள். மறுமுனையில் கயிறு, அதை இன்னொரு கம்பத்தில் சுற்றி ஒருவர் கையில் பிடித்துக்கொள்வார். இறுக்குவதும் தளர்த்துவதும் அவர் பொறுப்பு. கயிறு பிடிக்கிறவர் பேசக் கூடாது என்பது எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. அன்று கயிறு நைனாவின் கையில். தாய்மாமன் பாவின் நடுவில் நின்று இழை முடிந்துகொண்டிருந்தார். பாவு பிடித்தவர்கள் நகர முடியாது. சண்டை வந்தாலும் கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போக முடியாது. தாய்மாமனுக்கு இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்? சூரத் பேச்சில் தோற்றதை அவர் மறக்கவில்லை.

"மாமா, நல்லா யோசிச்சேன். ஒருத்தன் நெழல்ல இருக்கறவரைக்கும் எவனுக்கும் பொழைக்கத் தெரியாது. தனியா விட்டாத்தான் தெரியும். தனியா போனதுதான் அந்த ஊருக்கு நல்லது."

நைனா பேசவில்லை. தாடை மட்டும் அசைந்தது.

"தனியா போனவன் எவனும் கெட்டதில்ல மாமா!"

"தனியா போயி பொழைச்சவன் எவன்டா? காட்றா!" என்று நைனா கத்தினார். கத்தியதோடு, காட்டு என்று கையையும் நீட்டிவிட்டார்.

கயிறு கம்பத்திலிருந்து உருவிக்கொண்டு ஓடியது. கஞ்சி ஈரத்தோடு பாவு முழுதும் மண்ணில் விழுந்தது. அரக்குச் சிவப்பு, என் புடவையின் உடல். பாவின் நடுவே கொடுத்த குச்சிகளைப் பிடித்திருந்தவர்கள் அப்படியே நின்றார்கள். நைனா கையிலிருந்து பாவு நழுவி யாரும் பார்த்ததில்லை, அதுவும் முகூர்த்தப் பாவு. எதிர் வீட்டு அம்மாள் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டாள். இந்தக் கல்யாணம் நடக்காது என்று தெருவே மனசுக்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. நைனா வெறும் கையைப் பார்த்தபடி நின்றார். பாவை எடுத்துவிட்டால் கல்யாணம் உண்டு, எடுக்காமல் உள்ளே போய்விட்டால் இல்லை என்று எனக்குத் தெரிந்தது. எடுக்காமல் போய்விடுவார் என்று பட்டது.

நான் வெளியே ஓடிப் போய் மண்ணில் கிடந்த கயிற்றை எடுத்தேன். தொடக் கூடாது என்று அம்மா உள்ளேயிருந்து கூவினாள். நான் விடவில்லை. கம்பத்தில் சுற்றி, காலை உதைத்துக்கொண்டு இழுத்தேன். தனியாளாக இழுக்க முடிகிற கனமில்லை அது. பாவு இடுப்பளவு எழும்பி மறுபடி தொய்ந்தது.

நைனா என் பின்னால் வந்து கயிற்றைப் பிடித்தார். இருவருமாக இழுத்தோம். அப்போது என் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சிங்கப்பூரு தனியா போனா எனக்கு இன்னாமா? எவனோ வரி போடறான், எவனோ கட்றான். அங்க நீ தனியா மாட்டிக்கினா நான் எப்படி வருவேன்? அந்தக் கப்பல எங்க போயி ஏறணும்னுகூட எனக்குத் தெரியாதேமா."

அவர் அழுதாரா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இத்தனை நாள் துறைமுகம், தண்ணீர், வரி என்று பேசியதெல்லாம் இதைத்தானா என்று அப்போதுதான் உறைத்தது. கோபமும் வந்தது. முதலிலேயே சொல்லியிருக்கலாமே.

மண் ஒட்டிய இழைகளை எல்லோருமாகத் தட்டி, ஈரத்துணியால் துடைத்து, அறுந்ததை முடிந்தார்கள். பாவு சுருட்டித் தறியில் ஏறியது. ஆனால் நைனா நெய்ய உட்காரவில்லை. மற்ற தறியில் வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு நாளைக் கடத்தினார். அம்மாவும் கேட்கவில்லை. இழை கோத்த தறி சும்மா கிடந்தது.

மாப்பிள்ளை கப்பலிலிருந்து இறங்கி, தாமலுக்குப் போய்ப் பெட்டியை வைத்துவிட்டு, மறுநாளே தன் அண்ணனோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். இளைத்திருந்தார். பாயைத் தாய்மாமன் ஆள் அனுப்பி வரவழைத்தார். காபி ஆறுவதற்குள் விசாரணை ஆரம்பித்துவிட்டது. பினாங்கில் கப்பல் நின்றபோதே அவருக்குச் சேதி தெரிந்துவிட்டதாம். கடை இருக்குமா? எல்லையில் விடுவார்களா? துறைமுகம் தாங்குமா? வரி எவ்வளவு போடுவார்கள்?

"தெரியலைங்க" என்றார் எல்லாவற்றுக்கும். தாய்மாமனுக்கு ஒரே ஏமாற்றம். அந்த ஊரிலேயே இருந்தவர் இப்படிச் சொன்னால் எப்படி?

"கப்பல்ல வர்ற வழியெல்லாம் ஒரே நெனப்புதாங்க" என்று அவர் நைனாவிடம் சொன்னார். "நீங்க பொண்ணு இல்லன்னு சொல்லிடுவீங்களோன்னு. சொன்னாலும் தப்பில்லைங்க. அதுக்கு முன்னால அவங்களாண்ட ஒரு வார்த்த கேட்டுக்கலாங்களா?"

நைனா அம்மாவைப் பார்த்தார். யாரும் கூடாது என்று சொல்லவில்லை. மாப்பிள்ளை நான் இருந்த ஜன்னல் பக்கம் திரும்பினார்.

"அங்க எப்படி ஆவும்னு எனக்கே தெரியாதுங்க. கடை இருக்கும், இல்லாமலும் போவும். பயமாத்தான் இருக்குது. நீங்க வர்றீங்களா?"

செய்தி வந்த நாளிலிருந்து ஒரு நாட்டைப் பற்றி என்னென்னவோ கேட்டார்கள். இந்தக் கேள்வியை ஒருவரும் கேட்கவில்லை. பயம் எனக்கும் கொஞ்சமும் குறையவில்லை.

"வர்றேங்க" என்றேன்.

தாய்மாமன் பாயிடம் துறைமுகத்தைப் பற்றி மறுபடி ஆரம்பித்தார். நைனா காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார். முகூர்த்தத் தறியின் சத்தம் கேட்டது.