சுந்தரவல்லியின் மோதிரவிரல்

ஐந்தாம் வகுப்போடு நின்று, ஹவுராவில் சொந்தமாக லேத் பட்டறை போட்டவன் நான். யாரிடமும் தோற்றதில்லை. பவானிபூரில் எங்கள் தெரு கிளப் நடத்திய மொபைல் சண்டை கேம் போட்டியில் மட்டும் முதல் ஆளிடமே விழுந்தேன். என் மானம் மனைவி சுந்தரவல்லி கைக்குப் போனது. துறைமுக ஆபீசில் முப்பது வருஷம் டைப் அடித்தவள். இறுதிப் போட்டிவரை வந்துவிட்டாள்.

எதிரே போன வருஷம் ஜெயித்த தீபக். மூன்றில் இரண்டு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். முதல் ஆட்டம் போயிற்று. அவளுடைய கட்டைவிரல் குத்தும் பட்டனிலிருந்து தடுக்கும் பட்டனுக்குப் போவதற்குள் உதை விழுந்தது.

"என்ன சுந்தரி, தூங்குறியா?"

"முதல் ஆள்கிட்டயே விழுந்தவரு பேசக் கூடாது" என்றவள், கேம் செட்டிங்ஸில் பட்டன்களைத் தள்ளித் தள்ளி வைத்து, போனை மேசைமேல் படுக்க வைத்தாள்.

"காகிமா, லுச்சிப் பூரி தேய்க்கப் போறீங்களா?" என்றான் தீபக், வங்காளியில் சித்தி முறை வைத்து.

அவள் டைப் அடிக்கிற மாதிரி விரல்களை வைத்தாள். இடது கை நகர்த்த. வலது கையில் ஆள்காட்டி விரல் குத்த, நடுவிரல் உதைக்க, மோதிரவிரல் தடுக்க. எந்த விரலும் இடம் மாறவில்லை. திரையும் மறையவில்லை.

இரண்டாவது ஆட்டம் அவளுக்கு. மூன்றாவதில் தீபக் பாய்ந்து உதைத்தான். மோதிரவிரல் தடுத்தது, அவன் விலகுமுன் ஆள்காட்டி விரல் இரண்டு குத்து விட்டது. முடிந்தது.

"கோப்பையை அவர்கிட்ட குடுங்க, ஆசைப்படுறாரு" என்றாள்.

வாங்கிக்கொண்டேன். வீடு இரண்டே நிமிஷ நடை. நாலு தெரு சுற்றித்தான் போனோம்.