பிராது என்றால் கத்துவது

தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அந்த நாளில் பிராது இல்லாத வீடே கிடையாது. எங்கள் வீட்டுப் பிராது கூரையைப் பற்றியது. நமுனுகுல மலையின் மழை தகரத்து ஓட்டை வழியாகத் தாராளமாக உள்ளே வந்தது. அதுவும் தம்பியின் தொட்டிலுக்கு நேர் மேலே. அம்மா கங்காணியிடம் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். அவரும் "தொரகிட்ட சொல்றேன்" என்று தலையாட்டுவார். அந்தத் தலையாட்டலோடு எல்லாம் முடிந்துவிடும்.

தம்பிக்கு நெஞ்சில் சளி கட்டி இருமல் பிடித்துக்கொண்டது. அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு நான்தான் போனேன். அங்கே மருந்து கொடுக்கும் ஐயா யாழ்ப்பாணத்துக்காரர். பேச ஆள் கிடைத்தால் லேசில் விடமாட்டார்.

"ஈரத்தில படுக்க விட்டால் மருந்து என்ன செய்யும் பிள்ளை? அம்மா முறைப்பாடு செய்யேல்லையோ?"

"பிராது குடுத்திருக்குங்க."

ஐயாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது. "அது பாரசீகத்தில இருந்து வந்த சொல், தெரியுமோ? அநியாயம் நடந்தால் ராசான்ர வாசல்ல நிண்டு, காப்பாத்துங்கோ எண்டு கத்துறது. அதுதான் பிராது."

எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. அடடா, அம்மா இத்தனை நாளும் தப்பாக அல்லவா செய்திருக்கிறாள்! கங்காணியின் காதோடு சொன்னால் அது எப்படிப் பிராதாகும்? கத்த வேண்டும், ராசாவிடமே கத்த வேண்டும். எங்கள் ராசா யாரென்று எனக்கா தெரியாது!

மறுநாள் காலை, வேலைக்குப் பேர் பதியும் பெரட்டில் பெண்கள் கூடையோடு வரிசையில் நின்றார்கள். கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பராவில் தம்பியை விட வந்த நான் அம்மாவை ஒட்டி நின்றுகொண்டேன். வெள்ளைக்காரத் துரை மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியதுதான் தாமதம், மூச்சை இழுத்துப் பிடித்துக் கத்தினேன்.

"காப்பாத்துங்க தொரே! எங்க வீடு ஒழுகுது, தம்பி இருமுது!"

அம்மாவின் கை பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தியது.

"என்னா சத்தம்?" என்றார் துரை.

"சின்னப் புள்ளைங்க தொரே, வெளையாடுது" என்று கங்காணி பல்லைக் காட்டினார்.

என் வாயின்மேல் இருந்த கை இன்னும் இறுகியது. பிறகு அந்தக் கை மெல்ல விலகியது.

"வெளையாட்டு இல்லீங்க தொரே, நெசந்தாங்க" என்றாள் அம்மா. "நானும் சொல்லிக்கிட்டேதான் இருக்கேன்."

அந்த வாரமே கூரைக்குப் புதுத் தகரம் வந்தது. எல்லாம் என் தொண்டையின் மகிமை என்று லயம் முழுக்கப் பீற்றிக்கொண்டு திரிந்தேன். கங்காணியை மீறித் துரையிடம் வாய் திறந்தவர்களுக்குப் வேலையை விட்டு நிறுத்தும் பத்துச்சீட்டைக் கிழித்துக் கொடுத்து, சட்டி பானையோடு தோட்டத்தை விட்டே அனுப்பிவிடுவார்கள் என்பது எனக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரியும். தெரிந்துதான் கையை எடுத்தாள்.